மாற்றுக்குறிகள் ஒட்டிக்கொண்டபோது: ஒரு ஸ்கோரின் இடைவெளிச் சிக்கல் குறித்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கிளாரினெட், செல்லோ, பியானோ ஆகிய மூன்று கருவிகளுக்காக எழுதப்பட்ட, ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஒலிக்கும் ஒரு புதிய படைப்பின் அச்சுப் பிரதியை, அதாவது மூன்று கருவிகளின் பகுதிகளும் ஒருங்கே அச்சாகும் ஸ்கோரை, தயாரிக்கும்போது நேர்ந்த சிக்கலையும் அது தீர்க்கப்பட்ட விதத்தையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. எந்தெந்தச் சுரங்கள் எப்போதும் உயர்ந்தோ தாழ்ந்தோ ஒலிக்கும் என்று வரியின் தொடக்கத்தில் சொல்லும் கீ சிக்னேச்சர் படைப்புக்கு இல்லை. ஆகவே அரைச் சுரம் உயர்த்தும் ஒவ்வொரு ஷார்ப்பும், தாழ்த்தும் ஃப்ளாட்டும், இயல்புக்குத் திருப்பும் நேச்சுரலும் அந்தந்த நோட்டின் இடப்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியிருந்தது. பியானோவின் வலக்கைப் பகுதியில் ஒரே கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்புக்கு) மூன்று குறிகள் வருவது அதில் அரிதல்ல. அக்சிடென்டல் என்று இசைக்கலைஞர்கள் வழங்கும் இவற்றை இந்தக் கட்டுரை முழுவதும் மாற்றுக்குறி என்றே குறிப்பிடுகிறேன்.

இதில் தொடர்புடையவர்கள் நால்வர்: இசையமைப்பாளர், கணினியில் நொட்டேஷனை அமைத்துக் கொடுத்தவர் (இனி அமைப்பாளர்), பியானோக் கலைஞர், முதல் ஒத்திகைக்குப் பிறகு மெய்ப்பு பார்க்க அழைக்கப்பட்ட நான். இசையமைப்பாளர் ஒரு மென்பொருளில் எழுதியதை, மென்பொருள்களுக்கிடையே நொட்டேஷனைப் பரிமாறப் பயன்படும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தார். அமைப்பாளர் அதை வேறொரு மென்பொருளில் திறந்து வேலை செய்தார். வேலை பாதி கடந்த நிலையில், பழைய தகடு அச்சின் சாயல் கொண்ட ஓர் இசை எழுத்துருவை இசையமைப்பாளர் விரும்பிக் கேட்டார். அமைப்பாளரும் மாற்றிக் கொடுத்தார். அப்போது அது வெறும் அழகு சார்ந்த மாற்றமாகவே இருவருக்கும் தோன்றியது.

பின்வரும் அளவுகள் எல்லாம் கோட்டிடை என்ற அலகில் தரப்பட்டுள்ளன. நோட்டுகள் எழுதப்படும் ஸ்டாஃபின் ஐந்து கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடைப்பட்ட தூரமே ஒரு கோட்டிடை. இந்தப் பிரதியில் ஸ்டாஃபின் உயரம் 7 மில்லிமீட்டர். எனவே ஒரு கோட்டிடை என்பது 1.75 மில்லிமீட்டர்.

## மென்பொருள் போடும் கணக்கு

நடந்ததைப் புரிந்துகொள்ள, நொட்டேஷன் மென்பொருள் கிடைமட்ட இடைவெளியை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் அதன் கால அளவைப் பொறுத்து ஒரு விருப்ப இடைவெளி உண்டு. அது ஸ்பிரிங்கைப் போல நீளவும் குறுகவும் கூடியது. இந்தக் கோப்பில் கால் நோட்டுக்கு 4 கோட்டிடை என்று வைத்து, கால அளவு இரட்டிக்கும்போது இடைவெளி 1.4 மடங்காகும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதன்படி அரை நோட்டுக்கு 5.6, அரைக்கால் நோட்டுக்குச் சுமார் 2.9, மாகாணி நோட்டுக்கு, அதாவது பதினாறில் ஒரு பங்கு நோட்டுக்கு, சுமார் 2 கோட்டிடை கிடைக்கும். இதற்கு இணையாக இன்னொரு எண்ணும் உண்டு. நோட்டின் தலை, மாற்றுக்குறி, புள்ளி முதலியவற்றின் உருவங்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்கத் தேவைப்படும் குறைந்தபட்சத் தூரம் அது. இது கம்பியைப் போன்றது, வளைந்து கொடுக்காது. இரண்டில் எது பெரிதோ அதுவே இறுதி இடைவெளியாகிறது.

இதன் விளைவு நோட்டுக்கு நோட்டு மாறுபடும். நோட்டின் தலை ஏறத்தாழ 1.2 கோட்டிடை அகலம் கொண்டது. கால் நோட்டுகளுக்கு நடுவே தலை போக 2.8 கோட்டிடை மிஞ்சுவதால், இரண்டு நெடுவரிசையாக நிற்கும் மாற்றுக்குறிகள்கூட எதையும் தள்ளாமல் அடங்கிவிடும். மாகாணி நோட்டுகளுக்கு நடுவே மிஞ்சுவதோ 0.8 கோட்டிடை மட்டுமே. ஒரு ஷார்ப்பின் அகலமே ஏறத்தாழ ஒரு கோட்டிடை. ஆகவே வேகமான பகுதிகளில் மாற்றுக்குறி வரும் ஒவ்வோர் இடத்திலும் கம்பி ஸ்பிரிங்கை வென்றுவிடுகிறது. குறியுள்ள நோட்டுகள் விலகி நிற்க, குறியற்றவை நெருங்கி நிற்க, சீராக ஒலிக்க வேண்டிய ஓட்டம் காகிதத்தில் நொண்டுகிறது.

செங்குத்தாக மாற்றுக்குறிகளை அடுக்குவதற்கும் எண்களே அடிப்படை. புழக்கத்திலுள்ள மரபுப்படி கார்டின் உச்ச நோட்டுக்கான குறி தலைக்கு மிக அருகில் நிற்கும், அடுத்து அடி நோட்டுக்கானது, பிறகு மாறி மாறி உள்நோக்கி. இரண்டு குறிகள் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக நிற்கலாமா என்பதை அவற்றின் உயரம் தீர்மானிக்கிறது. பிராவுரா என்னும் எழுத்துருவில் ஷார்ப்பின் உயரம் ஏறத்தாழ 2.8 கோட்டிடை, ஃப்ளாட்டின் உயரம் 2.46. ஒரு சிக்ஸ்த் தொலைவிலுள்ள (இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் ஆறாவதாக வரும்) நோட்டுகளுக்கு நடுவே 2.5 கோட்டிடை, செவன்த் என்றால் 3. எனவே சிக்ஸ்த் தொலைவில் இரண்டு ஷார்ப்புகள் ஒன்றையொன்று இடிக்கும், இரண்டு ஃப்ளாட்டுகள் மயிரிழையில் தப்பிவிடும். கைவேலையாக அச்சுத்தகடு செதுக்கியவர்கள் எண் எதுவும் எழுதாமல் கண்ணாலேயே பிடித்து வைத்திருந்த வேறுபாடு இது; கணினிக்கோ யாராவது சொன்னால்தான் தெரியும்.

சொல்வது எழுத்துருவின் வேலை. 2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் டேனியல் ஸ்பிரெட்பரி முன்னின்று வெளியிட்ட ஸ்மஃபல் என்ற தரநிலை, இசை எழுத்துருக்களில் எந்தக் குறி எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று வகுத்ததோடு, ஒவ்வொரு குறியின் உருவத் தகவலையும் தனிக்கோப்பாக எழுத்துருவோடு இணைக்க வழி செய்தது. பிராவுரா அதன் மாதிரி எழுத்துரு. அந்தத் தகவல் கோப்பில் குறியைச் சுற்றிய எல்லைச் செவ்வகம் இருக்கும். விரும்பினால், அந்தச் செவ்வகத்தின் எந்த மூலை உண்மையில் காலியாக இருக்கிறது என்ற வெட்டுமூலை அளவுகளும் இருக்கும். ஃப்ளாட்டை எடுத்துக்கொண்டால், அதன் தண்டு இடப்பக்கம் உயர்ந்து நிற்க, வலப்பக்க மேல்மூலை வெறுமையாக இருக்கிறது. இரண்டு ஃப்ளாட்டுகள் ஃபோர்த் தொலைவில் வந்தால், மேல் ஃப்ளாட்டின் வயிறு கீழ் ஃப்ளாட்டின் அந்த வெறுமையான மூலையில் உட்காரலாம். செவ்வகத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 2 கோட்டிடை அகலம் பிடிக்கும், வெட்டுமூலை தெரிந்த கணக்கில் 1.4 போதும்.

## முதல் ஒத்திகையில் காணப்பட்டவை

முதல் ஒத்திகைக்கு வந்த பிரதி 36 பக்கங்கள் கொண்டது. பியானோக் கலைஞர் ஏழு இடங்களில் நின்றார் அல்லது தவறாக வாசித்தார். படைப்பின் கடினம் என்றும் முதல் வாசிப்பின் இயல்பு என்றும் அனைவரும் முதலில் எடுத்துக்கொண்டனர். ஒத்திகைக்குப் பக்கம் திருப்ப வந்திருந்தவரும் பியானோ வாசிப்பவர். இடைவேளையில் அவர் மெதுவாக வாசித்துப் பார்த்தபோது, அவர் தடுமாறிய இடங்களில் நான்கு அதே ஏழில் அடங்கின. இருவரும் ஒரே இடத்தில் இடறினால் காகிதத்தைச் சந்தேகிப்பதே நியாயம் என்று இசையமைப்பாளர் முடிவு செய்து, அந்த ஏழு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டு என்னிடம் கொடுத்தார். இந்த வேலை முழுவதிலும் மிகப் பயன்பட்ட ஆவணம் அந்தப் பென்சில் வட்டங்களே.

ஐந்து இடங்கள் மாற்றுக்குறி சார்ந்தவை. அவற்றில் 47-ஆம் பாரில் (பார் என்பது இரண்டு நிலைக்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) உள்ள கார்டு மற்றவற்றுக்கும் மாதிரியாக நிற்கக்கூடியது. ட்ரெபிள் ஸ்டாஃபில் கீழிருந்து மேலாக எஃப் ஷார்ப், ஏ நேச்சுரல், ஈ ஃப்ளாட் என மூன்று நோட்டுகள். எஃப்புக்கும் ஈக்கும் நடுவே செவன்த் தொலைவு இருப்பதால், ஷார்ப்பும் ஃப்ளாட்டும் தலைக்கு அருகிலுள்ள ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக நின்றன. நடுவிலுள்ள ஏக்கான நேச்சுரல் அவற்றுக்கு இடப்புறம் இரண்டாம் நெடுவரிசையில் நின்றது. அடுக்கிய முறையில் பிழையில்லை. ஆனால் நேச்சுரலின் வலப்பக்கத் தண்டு ஷார்ப்பின் குறுக்குக் கோடுகளின் நுனியை ஏறக்குறையத் தொட்டபடி இறங்கியது. வாசிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால், கூடுதல் தண்டு முளைத்த ஒரே ஷார்ப்பைப் போலத் தோன்றியது. அதே பாரில் முன்னதாக ஏ ஃப்ளாட் வந்திருந்தது. நேச்சுரல் கண்ணில் படாததால் இருவருமே ஃப்ளாட்டைத் தொடர்ந்தனர்.

112-ஆம் பாரில் மாகாணி நோட்டுகளின் ஓட்டத்தில், ஒரு ஷார்ப் தன் நோட்டைவிட்டு நகர்ந்து முந்தைய நோட்டின் வலப்பக்கத்தில் ஒட்டி நின்றது. எந்த நோட்டுக்கும் உரியதல்லாததுபோல் தெரிந்த அதை வாசிப்பவர் கடந்து போய்விட்டார். மீதமுள்ள மூன்றும் இவ்விரண்டின் மாறுபாடுகள்.

எஞ்சிய இரண்டு இடங்களில் சிக்கல், ஒலியின் வலிமையைக் காட்டும் டைனமிக்ஸ் குறிகளில் இருந்தது. பியானோவின் இரண்டு ஸ்டாஃப்களுக்கு நடுவே நிற்க வேண்டிய மென்மைக் குறி, கீழ் ஸ்டாஃபில் நோட்டுகளை இணைக்கும் வளைகோடான ஸ்லரின்மீது ஏறி இடக்கைக்கு மட்டும் உரியதுபோல் காட்சியளித்தது. செல்லோவில் ஓர் உரத்த ஒலிக்கான குறி, தாழ்ந்த நோட்டுக்குரிய துணைக்கோடுகளில் சிக்கிக் கிடந்தது.

கிளாரினெட் வாசித்தவர் ஒத்திகையில் எதையும் புகார் செய்யவில்லை. ஆனால் கிளாரினெட் பகுதி மட்டும் அடங்கிய அவருடைய தனிப் பிரதியைப் பிறகு பார்த்தபோது அதிலும் சில மாற்றுக்குறிகள் காரணமில்லாமல் விலகி நிற்பது தெரிந்தது. அதற்கான விளக்கம் கீழே வருகிறது.

## காரணத்தைத் தேடியது

அடுத்த ஒத்திகைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. ஏழு இடங்களையும் கையால் சரி செய்து மறுபடி அச்சிட அரை நாள் போதும். அமைப்பாளர் அதையே விரும்பினார், அவருடைய நிலையில் நானும் அதையே விரும்பியிருப்பேன். ஆனால் இரண்டு பேர் ஒருமுறை வாசித்து ஏழு இடங்கள் அகப்பட்டன என்றால், அகப்படாதவை இன்னும் இருக்கக்கூடும். காரணம் தெரியாமல் கைவைத்தால் அவை அப்படியே நீடிக்கும். எனவே காரணத்தைத் தேட இரண்டு நாட்கள் ஒதுக்குவது, அதற்குள் தெளிவு கிடைக்காவிட்டால் கைத்திருத்தத்துக்குத் திரும்புவது என்று ஒப்புக்கொண்டோம்.

கோப்பின் பிரதியொன்றை எடுத்து, வேறு எதையும் தொடாமல், எழுத்துருவை மட்டும் பிராவுராவுக்கு மாற்றினேன். ஃபோர்த் தொலைவில் ஃப்ளாட்டுகள் வரும் கார்டுகள் எல்லாம் உடனே இறுகின. உருவங்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க, அவை பிடிக்கும் இடம் மட்டும் குறைந்தது. இசையமைப்பாளர் விரும்பிய எழுத்துருவின் தகவல் கோப்பைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. அதில் எல்லைச் செவ்வகங்கள் இருந்தன, வெட்டுமூலைகள் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்திருந்தது. ஒவ்வொரு மாற்றுக்குறியையும் நான்கு மூலையும் நிரம்பிய பெட்டியாக நினைத்து விலக்கி வைத்திருந்தது.

அங்கிருந்து பின்னோக்கிப் போய் நடந்ததை அமைப்பாளரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். எழுத்துரு மாறிய அன்று, மாற்றுக்குறிகள் அகன்று, பார்கள் அகன்று, ஒரு வரியில் நான்கு பார்கள் அடங்கிய இடத்தில் மூன்றே அடங்கி, ஸ்கோர் 36 பக்கத்திலிருந்து 41 ஆக வளர்ந்தது. நல்ல பக்கத் திருப்பங்கள் எல்லாம் இடம் மாறின. பக்க எண்ணிக்கையைப் பழையபடி கொண்டுவர அவர் மாற்றுக்குறிகளுக்கு இடையிலான பொது இடைவெளியை 0.2 கோட்டிடையிலிருந்து 0.05 ஆகக் குறைத்தார். மில்லிமீட்டரில் அது 0.35-லிருந்து 0.1-க்கும் கீழே போவது. ஃப்ளாட்டுகளுக்கு நடுவே இல்லாத நெருக்கத்தை இது ஓரளவு ஈடுகட்டியது. காலி மூலையே இல்லாத இடங்களில், ஷார்ப்பின் பக்கத்தில் நேச்சுரல் இறங்குவதுபோன்ற இடங்களில், மையும் மையும் தொட்டுக்கொள்ளும் நிலைக்கு அது கொண்டுபோனது. 47-ஆம் பார் அப்படித்தான் உருவானது.

தொட்டுக்கொண்டவற்றில் கண்ணில் பட்டதை அவர் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தினார். அமைப்பாளரின் நினைவில் அது சில டஜன். கோப்பில் எண்ணியபோது நூற்றுக்கும் மேல். இந்த மென்பொருளில் கையால் நகர்த்திய தூரம், கணக்கிட்ட இடத்திலிருந்து இவ்வளவு தள்ளி என்றே சேமிக்கப்படுகிறது. பிறகு பொது இடைவெளியை அவர் இரண்டு முறை மாற்றினார், வரிகளைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கணக்கிட்ட இடம் நகர்ந்தது. அதன்மேல் சேர்க்கப்பட்ட தள்ளல் அப்படியே நின்றது. அரைக் கோட்டிடை இடம் தேவைப்பட்டபோது கொடுத்த தள்ளல், தேவை நீங்கிய பிறகும் குறியை இழுத்துக்கொண்டே இருந்தது. 112-ஆம் பாரின் ஷார்ப் முந்தைய நோட்டோடு ஒட்டியது இவ்வாறே.

கிளாரினெட்டின் தனிப் பிரதியும் இதற்குப் பலியானது. பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதிய நோட்டைவிட ஒரு முழுச் சுரம் தாழ்வாக ஒலிக்கும். முழு ஸ்கோர் ஒலிக்கும் சுரத்தில் இருந்தது, தனிப் பிரதி உயர்த்தி எழுதப்பட்டது. ஸ்கோரில் பி ஃப்ளாட்டாக இருப்பது பிரதியில் குறியில்லாத சியாக மாறும். எஃப் ஷார்ப் ஜி ஷார்ப்பாக மாறும். ஸ்கோரில் அந்த எஃப் ஷார்ப்பின் ஷார்ப்பைப் பியானோவின் நெருக்கடிக்காக நகர்த்திய தள்ளல், எந்த நெருக்கடியும் இல்லாத தனிப் பிரதியின் ஜி ஷார்ப்புக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஸ்கோரில் செய்த திருத்தம் பிரதிக்கும் போகும் என்பது அந்த மென்பொருளின் இயல்புநிலை; வேறு சூழ்நிலைகளில் அது நல்ல வசதிதான்.

டைனமிக்ஸ் குறிகளின் கதை வேறு. மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு குறியின் இடத்தை, கோட்டிடையின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எழுதி வைக்க முடியும். முதல் மென்பொருள் தன் பக்கத்துக்குப் பொருந்திய இடங்களை எழுதி அனுப்பியிருந்தது. இரண்டாவது மென்பொருள் அவற்றைக் கையால் வைக்கப்பட்டவையாக ஏற்றுக்கொண்டது. கையால் வைத்ததை மோதல் தவிர்ப்புக் கணக்கு தொடாது, அமைப்பவரின் விருப்பத்தை மதிப்பதாக அதற்கு எண்ணம். ஸ்டாஃப்களுக்கு இடையிலான தூரம் மாறியபோது மற்றவை விலகிக்கொடுக்க, இறக்குமதியான குறிகள் மட்டும் பழைய வீட்டு விலாசத்தில் நின்றன.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் கேள்வி எழுத்துருவைப் பற்றியது. பிராவுராவுக்கே போய்விடுவது எளிது, பாதுகாப்பானது. இசையமைப்பாளர் மறுத்தார், பக்கத்தின் தோற்றமும் படைப்பின் ஒரு பகுதி என்பது அவர் கட்சி. அதோடு வாதிட எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் குறை எழுத்துருவின் உருவங்களில் இல்லை, அதனுடன் வந்த தகவலில்தான் இருந்தது. உரிமம் மாற்றத்தை அனுமதித்ததால், ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல், இரட்டை ஃப்ளாட் ஆகிய நான்குக்கும் வெட்டுமூலைகளை நாங்களே அளந்து சேர்ப்பதென முடிவாயிற்று. ஸ்மஃபல் தரநிலையில் எழுத்துருவின் முழு உயரம் நான்கு கோட்டிடைக்குச் சமம். ஆயிரம் அலகு கொண்ட எழுத்துருவில் ஒரு கோட்டிடை 250 அலகு. எழுத்துருத் திருத்தியில் மூலைகளின் ஆயத்தொலைவுகளைப் படித்து 250-ஆல் வகுத்து எழுதினால் முடிந்தது. உருவத்தின் விளிம்பை ஒட்டி அளக்காமல் சிறிது காற்றோட்டம் விட்டு அளந்தோம், ஏனெனில் வெட்டுமூலை தாராளமாக இருந்தால் பிழை மறுபடி வேறு வழியில் வரும்.

இங்கே அரை நாள் வீணாயிற்று. தகவல் கோப்பைத் திருத்திச் சேமித்தும் திரையில் எதுவும் மாறவில்லை. அளவுகள் தவறென்று நினைத்து இரண்டு முறை அளந்த பிறகே, மென்பொருள் வேறொரு அடைவிலிருந்த பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஃப்ளாட்டின் வெட்டுமூலையை வேண்டுமென்றே அபத்தமான எண்ணாக மாற்றி, திரை குலைகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்து, கைத்தள்ளல்களை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அவற்றில் பல நியாயமானவை, பல மணி நேர உழைப்பு. எல்லாவற்றையும் நீக்குவது அமைப்பாளருக்கு வலித்தது. ஒவ்வொன்றாகப் பரிசோதித்து நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் முழுவதும் நீக்கச் சொன்னேன். காரணம் இது: அந்தத் தள்ளல்கள் எல்லாம் தவறான தகவலும் 0.05 என்ற இடைவெளியும் தந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டவை. அடிப்படை மாறிய பின் நல்ல தள்ளல், கெட்ட தள்ளல் என்று பிரிக்க வழியில்லை. பழைய கோப்பை ஒப்பீட்டுக்காகப் பத்திரப்படுத்திவிட்டு, புதிய பிரதியில் எல்லா மாற்றுக்குறிகளின் நிலையையும் மீட்டமைத்தோம். இறக்குமதியான டைனமிக்ஸ் இடங்களையும் அவ்வாறே நீக்கினோம். பொது இடைவெளி 0.2-க்குத் திரும்பியது.

வரிசை முக்கியமாயிருந்தது. முதலில் எழுத்துருத் தகவல், பிறகு பொது அமைப்புகள், பிறகு வரிகளும் பக்கங்களும், கடைசியில்தான் தனித்தனிக் குறிகள். மேலுள்ளது மாறினால் கீழுள்ளது அனைத்தும் நகரும். கீழிருந்து தொடங்கினால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய நேரும்.

பக்கங்களை அமைக்கும்போது 36 என்ற எண்ணைக் கைவிட்டோம். வெட்டுமூலைகள் சேர்ந்த பிறகு ஸ்கோர் தானாகவே 37 பக்கத்துக்கும் சற்று மேல் வந்தது. இழுத்துப் பிடித்து 36 ஆக்குவதைவிட, பியானோக் கலைஞரின் ஒரு கை ஓய்ந்திருக்கும் இடங்களில் பக்கத் திருப்பம் வரும்படி 38 ஆக விரித்தோம். மாகாணி ஓட்டங்கள் வரும் வரிகளில் ஒரு பாரைக் குறைத்து அமைத்ததில், ஸ்பிரிங்குக்குச் சற்று இடம் கிடைத்து ஓட்டத்தின் நொண்டல் பெரும்பாலும் மறைந்தது.

இத்தனைக்கும் பிறகு ஒன்பது இடங்கள் கைவேலை கேட்டன. அவற்றில் ஆறு ஒரே வகை. ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்கள் (தனித்தனியே ஓடும் இசை வரிகள்) வந்து, மேல்குரலில் எஃப் ஷார்ப்பும் கீழ்க்குரலில் எஃப் நேச்சுரலும் ஒரே நேரத்தில் விழும்போது, தலைகள் அருகருகே நிற்க, இரண்டு மாற்றுக்குறிகளும் தலைகள் நிற்கும் அதே வரிசையில் இடப்புறம் நிற்க வேண்டும். மென்பொருள் அவற்றை எதிர் வரிசையில் வைத்தது. எந்தக் குறி எந்தத் தலைக்குரியது என்பது இங்கே பொருளையே மாற்றிவிடும் என்பதால், ஆறையும் கையால் திருத்தி, மற்ற மூன்றோடு சேர்த்து ஒன்பது பார் எண்களையும் கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்தோம்.

## விளைவு

புதிய பிரதி ஏழாம் நாள் அச்சானது. அச்சிட்டவுடன் அதை ஸ்டாண்டில் வைத்து, வாசிப்பவர் உட்காரும் தூரத்திலிருந்து நாங்கள் பார்த்தோம். திரையில் இருமடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரை 47-ஆம் பார் குறையில்லாததாகவே தெரிந்திருந்தது என்பதை அமைப்பாளர் அப்போது ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் ஒத்திகையில் பென்சிலால் வட்டமிட்ட ஏழு இடங்களிலும் பியானோக் கலைஞர் நிற்கவில்லை. இடையில் அவர் பயிற்சி செய்திருந்தார் என்பதால் அந்த முன்னேற்றம் முழுவதையும் புதிய பிரதியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. பக்கம் திருப்பியவர் இம்முறை வேறொருவர், படைப்பை முன்பு பார்த்திராதவர். இடைவேளையில் அவரையும் அந்த ஏழு இடங்களை வாசிக்கச் சொன்னோம். ஆறில் அவர் தயங்கவில்லை. ஏழாவதில் தயங்கியது கார்டின் விரல் அமைப்புக்காக.

புதிதாக ஓர் இடத்தில் தவறு நேர்ந்தது, அது எங்கள் கைவரிசை. 88-ஆம் பாரில் எஃப் ஷார்ப் வருகிறது, 89-இல் எஃப் குறியின்றி வருகிறது. பார்க்கோடு தாண்டியதும் ஷார்ப் செல்லாது என்பது விதி. ஆனால் பழைய பிரதியில் இரண்டு பார்களும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கண்ணுக்கு அது எளிதாகத் தெரிந்தது. நாங்கள் பக்கத்தை மாற்றியதில் 89 அடுத்த பக்கத்தின் முதல் பார் ஆனது. பக்கம் திரும்பும் அவசரத்தில் வாசித்தவர் ஷார்ப்பையே தொடர்ந்தார். அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவூட்டு நேச்சுரல் அங்கே தேவைப்பட்டது. அதைச் சேர்த்துப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். நினைவூட்டுக் குறிகளின் தேவை பக்க அமைப்பைச் சார்ந்தது என்பதை அறிந்தே இருந்தும், இடைவெளியில் மூழ்கியிருந்ததால் அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

## இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

எழுத்துருவை வேலையின் நடுவே மாற்ற நேர்ந்தால், முதலில் அதன் தகவல் கோப்பைத் திறந்து பார்ப்போம். அதற்காக ஒரு சோதனைப் பக்கத்தை அமைத்து வைத்திருக்கிறோம்: ஃபோர்த் தொலைவில் ஃப்ளாட்டுகள், சிக்ஸ்த் தொலைவில் ஷார்ப்புகளும் ஃப்ளாட்டுகளும், 47-ஆம் பாரின் கார்டு, இரு குரலில் ஒரே சுரத்துக்கு இரு குறிகள், மாகாணி ஓட்டத்தில் இடையிடையே மாற்றுக்குறிகள். புதிய எழுத்துருவில் இந்த ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளிவந்துவிடும்.

மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பை இறக்குமதி செய்யும்போது குறிகளின் இடங்களை விட்டுவிட்டு, எந்த நோட்டில் எந்தக் குறி என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது இப்போது எங்கள் வழக்கம். வேறொரு பக்கத்துக்காகக் கணக்கிட்ட இடம் நம் பக்கத்தில் சரியாக அமைவது தற்செயல். மாற்றுக்குறியைக் கையால் நகர்த்துவது, வரிகளும் பக்கங்களும் பூட்டப்பட்ட பிறகே. அப்போதும் ஸ்கோருக்கு மட்டுமா, தனிப் பிரதிக்கும் சேர்த்தா என்பதை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கப் பிரிவு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் முதல் பாரையும் முந்தைய பாரோடு ஒப்பிட்டு, நினைவூட்டுக் குறி வேண்டுமா என்று தனியாக ஒரு சுற்றுப் பார்ப்பது மெய்ப்புப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

நாங்கள் அளந்த நான்கு வெட்டுமூலைகளையும் எழுத்துருவை உருவாக்கியவருக்கு அனுப்பினோம். மூன்றை அவர் அப்படியே ஏற்று அடுத்த பதிப்பில் சேர்த்தார். இரட்டை ஃப்ளாட்டுக்கான எண்ணை மட்டும் சற்றுக் குறைத்தார், தடித்த அச்சில் மை பரவினால் இடிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இந்த ஸ்கோரில் இரட்டை ஃப்ளாட் மூன்றே இடங்களில் வருகிறது. மறுபதிப்பு வரும்போது அந்த மூன்று பார்களையும் புதிய எண்ணோடு பார்க்க வேண்டும் என்று, கைவேலை செய்த ஒன்பது பார் எண்களுக்குக் கீழே கோப்பின் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.